சாரணர் மலையில் ஒரு சாரணச் சிறுவன்

(விழா அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

'சாரணர்' என்ற சொல்லைக் கேட்டதும் இன்றைய பிள்ளைகளின் மனக்கண்ணில் தோன்றுபவன் கழுத்துத் துணியும் விசிலும் அணிந்த ஒரு பள்ளி மாணவன். குடியரசு நாளன்று கொடிக்கம்பத்தின் அருகே மூன்று விரல்களை நெற்றிக்கு உயர்த்தி அவன் நிற்பான். ஆயினும் அச்சொல் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழில் வாழ்ந்த சொல். 'சர' என்னும் வடமொழி வேர் அசைதலையும் நடத்தலையும் குறிக்கும். அவ்வேரிலிருந்து கிளைத்த 'சாரணர்' என்பதற்குத் தமிழ் அகராதிகள் கூறும் பொருள்களுள் இரண்டு இங்கே எண்ணத்தக்கவை. ஒன்று, தவ வலிமையால் வான்வழி செல்லும் ஆற்றல் பெற்ற முனிவர். மற்றொன்று, ஒற்றர்.

சிலப்பதிகாரத்தைக் கற்றவர்கள் நாடுகாண் காதையை மறந்திருக்க மாட்டார்கள். புகாரை நீங்கிய கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் காவிரிக் கரை வழியே மதுரை நோக்கி நடக்கின்றனர். புறப்படும் முன்னரே வழியின் இயல்பைக் கவுந்தியடிகள் அவர்களுக்கு விளக்குகிறார். சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும். வயல் வழியே சென்றால், நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அத்துன்பம் பொறுக்க முடியாதது. வழி நடப்பவர் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு என்பது இதனால் விளங்குகிறது. தன் காலுக்கு வரக்கூடிய தீங்கு ஒன்று. தன் காலால் பிற உயிருக்கு நேரக்கூடிய தீங்கு மற்றொன்று. அவ்வாறு நடந்து அவர்கள் அரங்கத்துச் சோலையை அடைந்தபோதுதான் சாரணர் தோன்றி அறம் உரைக்கின்றனர்.

ஆங்கிலத்தில் 'ஸ்கவுட்' என்பது படைக்கு முன்னே தனியாகச் சென்று, நிலத்தையும் பகைவரின் நிலையையும் அறிந்து வருபவனைக் குறித்த சொல். அதற்குத் தமிழில் 'சாரணர்' என்ற சொல் ஒற்றர் என்னும் பொருளால் பொருந்தி வந்தது. ஆனால் அச்சொல்லோடு முனிவர் என்னும் பொருளும் சேர்ந்தே வந்துவிட்டது. ஒற்றரும் முனிவரும் வாழ்க்கை முறையால் எதிரெதிரானவர்கள். ஒன்றில் மட்டும் அவர்கள் ஒத்தவர்கள். இருவருமே காண்பவர் எவரும் இல்லாத இடத்தில் நடப்பவர்கள். அங்கே அவர்களை நெறிப்படுத்த அவர்களுடைய மனத்தைத் தவிர வேறு துணை இல்லை.

இந்த உண்மையைத் தன் பதின்மூன்றாம் வயதில் உணர்ந்த ஒரு பள்ளிச் சிறுவனின் நினைவுகளே இன்றைய உரையின் பொருள். இன்று அறுபது வயதைக் கடந்துவிட்ட அவர், நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் கூறிவந்த செய்தி இது.

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவன் அச்சிறுவன். தந்தை பனையேறும் தொழிலாளி. தாய் அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார். 1971ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பில் படித்தபோது அவன் பள்ளியின் சாரணர் படையில் சேர்ந்தான். சேர்ந்ததற்குக் காரணம் தொண்டு மனப்பான்மை அன்று, சீருடைதான். தமையனின் பழைய சட்டையைத் தாய் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். அதை அணிந்துகொண்டு அவன் தெருவில் மூன்று முறை காரணமின்றி நடந்தான்.

கணித ஆசிரியர் ஒருவரே சாரணர் ஆசிரியராகவும் இருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் வேப்பமரத்தடியில் பயிற்சி நடக்கும். எட்டுப் பேர் கொண்டது ஓர் அணி; அணிக்கு ஒரு தலைவன். அவன் சேர்ந்தது கழுகு அணி. கயிற்று முடிச்சுகள், முதலுதவி, திசையறிதல், தடக் குறிகள் என்று பாடம் ஒவ்வொன்றாக வளர்ந்தது. வணக்கம் செலுத்தும் மூன்று விரல்கள் உறுதிமொழியின் மூன்று பகுதிகளைக் குறிப்பவை என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்றும் கடமை, பிறர்க்கு உதவி, சாரணர் சட்டத்துக்குப் பணிதல் என்பன அம்மூன்று. கட்டைவிரல் சுண்டுவிரலின்மேல் மடிந்திருப்பது, வலியவர் எளியவரைக் காக்க வேண்டும் என்பதன் அடையாளம். சாரணர்கள் இடக்கையால் கைகுலுக்குவர். அதற்குப் பலரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. போர்வீரனின் இடக்கை கேடயம் ஏந்தும் கை. அதை நீட்ட வேண்டுமானால் கேடயத்தைக் கீழே வைக்க வேண்டும். எதிரில் நிற்பவரை முழுமையாக நம்பினால் மட்டுமே அது முடியும்.

ஒருநாள் வீட்டு முற்றத்தில் சிறுவன் புதிதாகக் கற்ற முடிச்சு ஒன்றைத் தூணில் போட்டுக் காட்டினான். தந்தை அதைப் பார்த்துச் சிரித்தார். ஆங்கிலப் பெயர் ஏதும் அறியாமலே, பனையுச்சியில் பாளையோடு கலயத்தைப் பிணைக்க அவர் நாள்தோறும் போடும் முடிச்சுதான் அது. "மேல இருந்து கெட்டுத கெட்ட ஆரு வந்து பாக்கப்போறா, மக்களே? ஆனா இறுக்கித்தான் கெட்டணும்" என்றார். அன்று அச்சொல் சிறுவனின் காதில் விழுந்ததே தவிர, மனத்தில் விழவில்லை.

இவ்விடத்தில் இயக்கத்தின் பிறப்பைச் சற்றே நினைவுகூர்தல் வேண்டும். 1899 முதல் 1900 வரை தென்னாப்பிரிக்காவில் மேஃபிகிங் நகரம் 217 நாள்கள் முற்றுகைக்கு உள்ளானது. நகரைக் காத்த படைக்குத் தலைமை தாங்கியவர் பேடன் பவல். வீரர்கள் போதாத நிலையில், செய்தி கொண்டு செல்லுதல் முதலிய பணிகள் சிறுவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பொறுப்பை நம்பிக் கொடுத்தால் சிறுவர்கள் அதற்கேற்ப உயர்கிறார்கள் என்பதை அவர் அங்கே கண்டார். 1907 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் 20 சிறுவர்களைக் கொண்டு சோதனை முகாம் ஒன்றை நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளின் மாணவர்களும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கினர். அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூல் வெளிவந்தது. இயக்கம் நாடுகள்தோறும் பரவியது.

இந்தியாவுக்கு 1909இல் பெங்களூர் வழியாக வந்த இயக்கத்தில் தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கே இடம் இருந்தது. இந்தியச் சிறுவர்களை நம்பிச் சேர்த்துக்கொள்ள அன்றைய ஆட்சியாளர் தயங்கினர். அத்தயக்கத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு விடை எழுந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையோடு இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதன் சீருடையில் தலைப்பாகை இடம்பெற்றது. இந்தியப் பாடல்கள் பாடப்பெற்றன. வடக்கே மதன்மோகன் மாளவியா, இருதயநாத் குன்சுரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை வளர்த்தனர். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7ஆம் நாள் தனித்தனியே இயங்கிய சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. 1951 ஆகஸ்ட் 15இல் சாரணியர் அமைப்பும் அதனோடு இணைந்தது.

இவ்வளவு நீண்ட வரலாற்றின் அடித்தளம் ஒரே சொல்லில் அடங்கும், அது நம்பிக்கை. சாரணர் சட்டத்தின் முதல் விதியே, சாரணன் நம்பத்தக்கவன் என்பதுதான். உயிரினங்களிடம் நட்புக் கொண்டவன் என்பதும், சொல், செயல், சிந்தனைகளில் தூயவன் என்பதும் பின்னே தொடரும் விதிகள். முதல் விதி நில்லாத இடத்தில் மற்றவை நிற்பதில்லை.

இனி அச்சிறுவனின் குறிப்பேட்டுக்கு வரலாம்.

நாளுக்கு ஒரு நற்செயல் செய்ய வேண்டும் என்பது சாரணனின் கடமை. அதைக் குறிப்பேட்டில் எழுதி, வாரந்தோறும் திங்கட்கிழமை ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்பது அப்பள்ளியில் இருந்த வழக்கம். முதல் வாரம் சிறுவன் ஊக்கத்தோடு செய்தான். பக்கத்து வீட்டு முதியவருக்குக் கிணற்றிலிருந்து நீர் இறைத்துக் கொடுத்தான். ஒற்றையடிப் பாதையில் கிடந்த முள்ளை அகற்றினான். வேலியில் கொம்பு சிக்கிய ஆட்டை விடுவித்தான். ஆசிரியர் சிவப்பு மையால் 'நன்று' என்று எழுதினார்.

இரண்டாம் வாரத்தில் மறதி வந்தது. ஞாயிறு இரவு குறிப்பேட்டைத் திறந்தபோது நான்கு நாள்கள் வெறுமையாக இருந்தன. மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்ந்து சிறுவன் நான்கு நற்செயல்களைக் கற்பனை செய்தான். பார்வையற்ற ஒருவருக்குச் சாலையைக் கடக்க உதவியதாக ஒன்று. ஒரு பாட்டியின் விறகுக் கட்டைத் தலையில் தூக்கி வைத்ததாக ஒன்று. செய்தவற்றைவிடச் செய்யாதவை அழகாக அமைந்தன. திங்களன்று அவற்றின் கீழும் 'நன்று' என்ற சிவப்புச் சொல் வந்தது. தண்டனையை எதிர்பார்த்து நடுங்கிய உள்ளத்துக்கு அச்சொல் முதலில் ஆறுதலாக இருந்தது. அடுத்த வாரம் பொய் எழுதுவது எளிதாயிற்று. ஐந்து வாரங்களில் எழுதிய முப்பத்தைந்து நற்செயல்களில் பதினொன்று நடவாதவை. அவற்றைப் பின்னாளில் அவனே எண்ணிப் பார்த்தான்.

ஆறாவது வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை சாரணர் படை சிதறால் குன்றுக்கு நடைப்பயணம் புறப்பட்டது. தடக் குறிப் பயிற்சியே அன்றைய பாடம். முன்னே செல்லும் இருவர் வழியெங்கும் குறிகள் இட்டுச் செல்வர். மற்றவர்கள் அரை மணி நேரம் கழித்துப் புறப்பட்டு, அக்குறிகளைக் கண்டறிந்து பின்தொடர்வர். அம்பு போல் அடுக்கிய கற்கள் 'இவ்வழியே செல்' என்று பொருள்படும். குறுக்காக வைத்த இரு குச்சிகள் 'இவ்வழி வேண்டா' என்று பொருள்படும். வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் இட்டால், 'பணி முடிந்தது. வீடு திரும்பிவிட்டேன்' என்பது செய்தி. ஆசிரியர் வேறு வழியாகச் சென்று குன்றின்மேல் காத்திருப்பார். குறியிடும் பொறுப்பு கழுகு அணியின் தலைவனுக்கும் நம் சிறுவனுக்கும் கிடைத்தது. பின்வருவோர் எட்டிப் பிடிப்பதற்குள் உச்சியை அடைந்துவிட்டால் அவர்களுக்கு வெற்றி.

ரப்பர்த் தோட்டங்களையும் கொல்லாமரத் தோப்புகளையும் கடந்து வழி சென்றது. குன்றின் அடிவாரத்துக்குச் சற்று முன்னே பாதை இரண்டாகப் பிரிந்தது. அணித் தலைவன் குடிநீர் தேடி முன்னே சென்றுவிட்டான். சிறுவன் தனியே குனிந்து கல்லடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மக்களே, இத ஒண்ணு தூக்கி விடுவியா?"

திரும்பிப் பார்த்தான். பாறையின்மேல் ஒரு விறகுக் கட்டு. அதன் அருகில் வற்றிய உடலோடு ஒரு பாட்டி. அவன் விளக்கொளியில் கற்பனை செய்த அதே பாட்டி, அதே விறகுக் கட்டு! சிறுவனுக்கு ஒரு கணம் உடல் சிலிர்த்தது. ஆனால் தொலைவில் பின்வருவோரின் விசில் ஒலி கேட்டது. நின்றால் வெற்றி போய்விடும்.

"பெறவு வாறவங்க தூக்கி விடுவாங்க, பாட்டி" என்று சொல்லிவிட்டு ஓடினான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

அவ்வாறே அவன் வென்றான். உச்சியில் ஆசிரியர் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். பின்வருவோர் வரும்வரை இருவரையும் அழைத்துச் சென்று பாறைச் சிற்பங்களைக் காட்டினார். தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் பாறையில் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. பாம்பின் படம் குடையாக விரிய நிற்கிறார் பார்சுவநாதர். சிங்கத்தோடும் குழந்தைகளோடும் காட்சி தருகிறாள் அம்பிகை. ஒன்பதாம் நூற்றாண்டில் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் தவப்பெண்மணி அளித்த பொற்கொடையைக் கூறுகிறது. குரத்தி என்பது பெண் ஆசிரியரைக் குறிக்கும் சொல். பின்னாளில் இக்கோயில் பகவதி கோயிலாயிற்று. இக்குன்றின் பழம்பெயர் திருச்சாரணத்துமலை. சாரணருக்கு உரிய மலை என்பது பொருள்.

"சாரணர் மலைக்குச் சாரணர்கள் வந்திருக்கிறோம்" என்று ஆசிரியர் நகைத்தார். பிறகு, "இங்கே இருந்த சாரணர்கள் எறும்புக்கும் வழிவிட்டு நடந்தவர்கள்" என்றும் சொன்னார். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். எறும்புக்கு வழிவிட்டவர்களின் மலையடிவாரத்தில் ஒரு மூதாட்டியைக் கடந்து ஓடிவந்தவனுக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

மற்றவர்கள் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது, ஒருவன் தயங்கிச் சொன்னான். வழியில் ஒரு பாட்டிக்கு விறகு தூக்கி விட்டார்களாம். கால் வீங்கியிருந்ததால் அவரால் நடக்க முடியவில்லையாம். ஆகவே சுமையை வீடுவரை கொண்டு சேர்த்துவிட்டு வந்தார்களாம். அதை நற்செயல் என்று அவர்கள் சொல்லவில்லை. தாமதத்துக்கான காரணமாக மட்டுமே சொன்னார்கள். ஆசிரியரும் பாராட்டவில்லை. "சரி, உட்காருங்கள். கஞ்சி ஆறுகிறது" என்றார். வென்றவனுக்கு மட்டும் அன்று கஞ்சி இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை சின்னம் சூட்டும் விழா. கொடியின் முன் சிறுவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றனர். மானம் என்றால் என்னவென்று அறிவாயா என்று ஆசிரியர் கேட்பார். நான் உண்மையும் நேர்மையும் உடையவன் என்று பிறர் என்னை நம்பலாம் என்பதே அதன் பொருள் என்று சிறுவன் விடை சொல்வான். உன் மானத்தின்மீது நம்பிக்கை வைக்கலாமா என்று அடுத்த வினா வரும். பிறகு உறுதிமொழி, சின்னம், இடக்கைக் குலுக்கல். மனப்பாடம் செய்த வினாவிடைதான், எவரும் தவறியதில்லை.

நம் சிறுவனின் முறை வந்தது. முதல் வினாவுக்கு விடை சொல்ல வாய் திறந்தவன் நின்றுவிட்டான். மறந்துவிட்டானோ என்று அணித் தலைவன் மெல்ல எடுத்துக் கொடுத்தான். சிறுவன் தலையசைத்து மறுத்தான். "விடை தெரியும் சார். ஆனால் சொல்ல முடியாது" என்றான். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். சிறுவன் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து நீட்டினான். அதில் பதினொரு இடங்களில் 'நடக்கவில்லை' என்று பென்சிலால் எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில், பாட்டி கேட்டதும் தான் ஓடியதும் மூன்று வரிகளில் இருந்தன.

ஆசிரியர் நின்றபடியே அனைத்தையும் படித்தார். "இன்று சின்னம் வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்டார். "ஆம் சார்" என்றான். ஆசிரியர் வற்புறுத்தவில்லை, கடிந்து பேசவும் இல்லை. வரிசையில் போய் நிற்குமாறு கைகாட்டினார். அன்று மற்ற அனைவரும் சின்னம் பெற்றனர். அவன் வெறும் சட்டையோடு வீடு திரும்பினான். தந்தையிடம் அனைத்தையும் சொன்னான். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "கெட்டு லூசாயிட்டுதுன்னு தெரிஞ்சாச்சு இல்லியா? இனி இறுக்கிக் கெட்டு" என்று மட்டும் சொன்னார். பனையுச்சி முடிச்சைப் பற்றி அவர் முன்பு சொன்னது அப்போதுதான் மகனுக்கு விளங்கிற்று.

திங்கட்கிழமை நிகழ்ந்ததுதான் இந்நினைவில் தலையாயது. ஆசிரியர் அனைவருடைய குறிப்பேடுகளையும் வாங்கி மேசைமேல் அடுக்கினார். இனி எவரும் நற்செயலை எழுதிக் காட்ட வேண்டியதில்லை என்றார். பிறகு சிறுவனைத் தனியே அழைத்து, "நீ பொய் எழுதியது உன் தவறு. அதற்கு 'நன்று' போட்டது என் தவறு. நான் நோட்டைப் படித்தேன், உன்னைப் பார்க்கவில்லை" என்றார். மாணவனிடம் தன் பிழையை ஒப்புக்கொள்ளும் ஆசிரியரை அச்சிறுவன் அதற்கு முன் கண்டதில்லை.

குறிப்பேட்டுக்கு மாற்றாக ஆசிரியர் எடுத்துச் சொன்னது இயக்கத்தின் பழைய வழக்கம் ஒன்றைத்தான். காலையில் கழுத்துத் துணியின் முனையில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். அன்றைய நற்செயலைச் செய்து முடித்தபின் அதை அவிழ்க்க வேண்டும். என்ன செய்தாய் என்று எவரும் கேட்க மாட்டார்கள். எவரிடமும் சொல்லவும் கூடாது. செய்யாமலே அவிழ்த்தால் கண்டுபிடிக்க வழியே இல்லை. "அப்படியானால் ஏமாற்றிவிடலாமே சார்?" என்று ஒருவன் கேட்டான். "ஏமாற்றலாம். உன்னை மட்டும்" என்றார் ஆசிரியர்.

நான்கு வாரங்கள் கழிந்தபின் அச்சிறுவன் தானாகவே சென்று சின்னம் கேட்டான். அன்று விழா ஏதும் இல்லை. வேப்பமரத்தடியில் ஆசிரியரும் அவனும் கழுகு அணியும் மட்டுமே இருந்தனர். வினாக்கள் கேட்கப்பட்டன, விடைகள் சொல்லப்பட்டன. ஆசிரியர் இடக்கையை நீட்டினார்.

அமெரிக்காவில் சாரணர் இயக்கம் தோன்றியதற்கும் இத்தகைய கதை ஒன்று சொல்லப்படுவது உண்டு. 1909இல் இலண்டன் தெருவில் வழி தெரியாமல் நின்ற பாய்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வருக்கு ஒரு சிறுவன் வழிகாட்டினானாம். அவர் காசு கொடுத்தபோது, சாரணன் நற்செயலுக்குக் கூலி பெறுவதில்லை என்று மறுத்துச் சென்றானாம். அதனால் உள்ளம் கவரப்பட்ட அவர் 1910இல் தம் நாட்டில் இயக்கத்தைத் தொடங்கினார். அச்சிறுவன் யார் என்பது இன்றுவரை தெரியாது. 'அறியப்படாத சாரணன்' என்ற பெயரிலேயே அவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள்.

நம் சிறுவன் வளர்ந்து, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர் ஆனார். வாழ்நாள் முழுவதும் ஏடுகளில் எழுதுவதே தொழிலாயிற்று. எழுதப்பட்டதெல்லாம் நடந்ததாகாது என்பதை எட்டாம் வகுப்பிலேயே கற்றவர் ஆதலால், ஏட்டைப் பார்த்த பிறகு கிடங்குக்குச் சென்று மூட்டைகளையும் எண்ணிவிட்டே கையொப்பம் இடுவார். உடன் பணியாற்றியோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பதவி உயர்வு ஒன்று தள்ளியும் போயிற்று. அதைப் பற்றி அவர் எவரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் அந்த ஆசிரியர் மறைந்தார். செய்தி அறிந்து பழைய கழுகு அணியினர் மூவர் வந்திருந்தனர். இறுதிச் சடங்குகள் முடிந்து எல்லோரும் கலைந்தபின், கணக்கர் வீட்டுவாசலில் குனிந்து மணலில் கற்களால் ஒரு வட்டம் அமைத்தார்; நடுவே ஒரு கல்லை வைத்தார். மற்ற இருவருக்கும் அதன் பொருள் தெரியும். ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில், நியேரி என்னும் ஊரில், 1941 ஜனவரி 8ஆம் நாள் மறைந்த பேடன் பவலின் கல்லறையிலும் இக்குறியே பொறிக்கப்பட்டிருக்கிறது. பணி முடிந்தது, வீடு திரும்பிவிட்டேன்.

பெற்றோர்களே! பிள்ளைகளின் ஒவ்வொரு செயலுக்கும் மதிப்பெண்ணும் சான்றிதழும் தேடும் காலம் இது. ஒரு மரக்கன்று நட்டாலும் அதைப் படம் பிடித்துப் பத்துப் பேருக்கு அனுப்பிய பிறகே நீர் ஊற்றுகிறோம். நற்செயல் பிறர்க்குத் தெரிவதில் தவறில்லை; அதைப் பார்த்துப் பிறரும் செய்யக்கூடும். ஆனால் எவரும் பாராத ஒரு நற்செயலையும் பிள்ளைகள் நாள்தோறும் பழக வேண்டும். அதைச் சோதிக்கும் முறை ஒன்றைப் பெரியோர் வகுத்துவிடலாகாது. அச்சோதனை பிள்ளைகளிடமே இருக்கட்டும். அதோடு, பிள்ளைகள் எழுதிக் காட்டுவதைப் படிப்பதோடு நின்றுவிடாமல் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்பது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அக்கணித ஆசிரியர் விட்டுச் சென்ற பாடம்.

அக்கணக்கர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் முன் கைக்குட்டையின் முனையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். மாலையில் எதைச் செய்து அதை அவிழ்க்கிறார் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. சில நாள்களில் முடிச்சு அவிழாமலே கைக்குட்டை சலவைக்கு வந்துவிடுவதும் உண்டு என்று அவருடைய துணைவியார் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவிழாத அந்த முடிச்சுகளே, அவர் அவிழ்த்த முடிச்சுகளுக்குச் சான்று.